ஜவ்வாது மலையினின்று ஒரு விண்ணப்பம்

தமிழ்நாட்டு மகாஜனங்களுக்கு, ஜவ்வாது மலைக் கிராமங்களில் வசிக்கும் ஆசிரியர்களும் பெற்றோர்களுமாகிய நாங்கள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது:

எங்கள் மலைக் கல்லில் உயிரின் சுவடு ஏதும் இல்லை. சங்கும் சிப்பியும் உலகில் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே, ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகளுக்கு அப்பால், பூமியின் ஆழத்தில் வெந்து இறுகிய கல் அது. அங்ஙனமிருக்க, அரியலூர், பெரம்பலூர்ச் சீமையில் கல்லாய்க் கிடக்கும் கிளிஞ்சல்களுக்காக நாங்கள் பரிந்து பேச வருவானேன் என்று கேட்பீர்கள்.

எங்கள் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அங்கே சிறுகோள்களைத் தேடிய ‘கல்கி’ திட்டத்தில், 1988ஆம் ஆண்டு விஞ்ஞானி ராஜமோகன் கண்டுபிடித்த சிறுகோளொன்று கணித மேதை ராமானுஜனின் பெயரைத் தாங்கியிருக்கிறது. அந்த வகையைச் சேர்ந்த, ஆனால் பிரம்மாண்டமான ஒரு கல்தான், 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோவின் யுகாடானில் வீழ்ந்து, எழுந்த புழுதியால் சூரியனை மறைத்து, டைனோசர்களோடு எண்ணற்ற கடல் ஜீவராசிகளையும் மாய்த்தது என்பது பெரும்பாலான அறிஞர்களின் சித்தாந்தம். தக்காணத்து எரிமலைகளுக்கும் அதில் பங்குண்டு என்பாரும் உளர். ஆக, கொன்றவனின் குலத்தாரை எங்கள் மலைமேலிருந்து தேடினார்கள். மாண்டவர்களின் ஓடுகளோ அரியலூர்ச் சீமையின் சோளக்காட்டோரம் கிடக்கின்றன.

அச்சீமையின் காரைக் கிராமத்துக் களிமண் ஓடைகளில், ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகளுக்கு முன் நீந்திய அம்மோனைட்டுகள், கணவாய்க்கு உறவான அந்தச் சுருளோட்டுப் பிராணிகள், மழைதோறும் வெளிப்படுகின்றன. அதற்கு மேலே கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் சிப்பிகள். அதற்கும் மேலே கல்லமேட்டு மணலில் டைனோசர் எலும்புகள். அதையும் கடந்து, அந்த அழிவுக்குப் பின் படிந்த நின்னியூர்ப் பாறையை அடைந்தால், எத்தனை தேடினும் அம்மோனைட்டு ஒன்றுகூட அகப்படாது, இன்றும் பசிபிக் சமுத்திரத்தில் வாழும் நாட்டிலஸின் பழைய உறவினம்தான் அகப்படும். 1860களில் புவியியலாரான பிளான்போர்டு அடுக்குகளை வகுத்தும், ஸ்டோலிச்கா கிளிஞ்சல்களை வர்ணித்தும் இச்சீமையை உலகம் அறியச் செய்தார்கள். கண்டகி நதியின் சாளக்கிராமத்தைப் பட்டில் வைத்துப் பூஜிக்கும் நாம், அதே இனத்துச் சுருளைக் காரையில் காலால் இடறிச் செல்வது விசித்திரந்தான்!

ஒரு கிளிஞ்சல் எந்த அடுக்கில், எந்த ஓடைக்கரையில் கிடந்தது என்பது தெரியாமற் போனால், அது தேதியும் கையெழுத்தும் கிழிந்துபோன கிரயப் பத்திரத்துக்குச் சமானம். அலமாரிக்கு அழகாகலாம், சாட்சியாகாது. ஆகையால், உல்லாசப் பயணமாக வருவோர் அவற்றைப் பொறுக்கிச் செல்லாதிருக்கவும், விற்பவரிடம் வாங்காதிருக்கவும் வேண்டுகிறோம். உழும்போதோ கிணறு வெட்டும்போதோ தென்பட்டால், இடத்தைக் குறித்துக்கொண்டு, வாரணவாசியிலுள்ள அரசு அருங்காட்சியகத்தாருக்குத் தெரிவியுங்கள். சுண்ணாம்புச் சுரங்கம் நடத்துவோரிடம் வேலையை நிறுத்தச் சொல்ல நாங்கள் துணியவில்லை. எங்கள் வீடுகளும் சிமெண்டால் கட்டியவையே. வெட்டுமுன் புவியியலார் பார்த்துப் பதிவுசெய்ய அவகாசம் தாருங்கள். நின்னியூர் அடுக்கு கல்லமேட்டு மணலின்மேல் அமர்ந்திருக்கும் இடங்களில் ஒன்றையேனும் தொடாமல் விடுங்கள்.

எங்கள் பள்ளிப் பிள்ளைகளைக் கோடை விடுமுறையில் காரைக்கு அழைத்துவர உத்தேசித்திருக்கிறோம். நோட்டுப் புத்தகமும் பென்சிலும் கொண்டுவருவார்கள். திரும்பும்போது அவற்றைத் தவிர வேறெதையும் எடுத்துப்போக மாட்டார்கள்.