உயிர் கேக்கும், மெய் கேக்காது

கோவில்பட்டிப் பக்கம் ஒரு வீட்டு டிவி தெருமுனை வரைக்கும் கேட்டா, "மில்லுக்காரர் வீடு"ன்னு சொல்லிச் சிரிப்பாங்க. சிரிக்கிற விஷயமே இல்லைங்க இது. கரிசல்ல விளைஞ்ச பருத்தி இந்த ஊருக்கு மில்லைக் கொண்டு வந்துச்சு. மில்லு சோறு போட்டுச்சு. கூடவே காதையும் கொஞ்சம் கொஞ்சமா வாங்கிக்கிச்சு.

ரிங் ஃபிரேம் ஓடுற இடத்துல 90 டெசிபலை ஒட்டிச் சத்தம் இருக்கிறது சாதாரணம். 85 டெசிபல்னா ஒரு நாளைக்கு 8 மணி நேரம், அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி என்பது அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு சொல்கிற கணக்கு. அப்படிப் பார்த்தா 91-க்கு வெறும் 2 மணி நேரம்தான். நம்ம ஆளுங்க முழு ஷிப்டும் நிக்கிறாங்க.

"காதடைப்பான் போடலாமே அண்ணாச்சி?"ன்னு கேட்டா எல்லார்கிட்டயும் ஒரே பதில்: "அதை மாட்டுனா சொல்றது கேக்காதுல்லா தம்பி!"

இந்தப் பதில் பாதி தப்பு, பாதி உண்மை. எந்தப் பாதி யாருக்கு என்பதில்தான் விஷயமே இருக்கு.

முதல்ல தப்பு. மிஷின் சத்தம் 90, காதுகிட்ட கத்துற குரல் 95-ன்னு வைங்க. அடைப்பான் 20 குறைச்சா சத்தம் 70, குரல் 75. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம் அதே 5 தான். அதோட, ரொம்பப் பெரிய சத்தத்துல காது திணறிப் போய் ஒலியைக் குழப்பிடும். அளவு குறைஞ்சா தெளிவாகும். உச்சி வெயில்ல கறுப்புக் கண்ணாடி போட்டா நல்லாத் தெரியுற மாதிரி. கார்ல் கிரைட்டர் என்கிற ஆய்வாளர் 1946-லேயே இதைச் சோதிச்சுக் காட்டிட்டார்: பெரும் சத்தத்துல, நல்ல காது உள்ளவங்களுக்கு அடைப்பானோட பேச்சு கெடலை, இன்னும் நல்லாவே புரிஞ்சுது.

இப்ப உண்மை. சத்தத்தால போற காது முதல்ல 4000 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது கீச்சு ஒலிகள்ல அடிவாங்கும். பேச்சுல உயிரெழுத்துக்கள் கனமானவை, தப்பிச்சுக்கும். ச, த, ட, க மாதிரி மெய்கள் மெலிசு, காணாமப் போயிடும். சத்தம் காதுல விழும், ஆனா "பத்து"ன்னாங்களா "பட்டு"ன்னாங்களா தெரியாது. பெரும்பாலான அடைப்பான்கள் அந்தக் கீச்சு ஒலிகளைத்தான் அதிகமா அடைக்கும். ஏற்கனவே தேஞ்ச காதுக்கு மிச்சமிருந்த மெய்யும் போச்சு! ஆக, இருபது வருஷ சர்வீஸ் அண்ணாச்சி சொல்றது பொய் இல்லை. அவர் காதுக்கு அது சத்தியம்.

சிக்கல் என்னன்னா, அந்தச் சத்தியத்தை நேத்து வேலைக்குச் சேர்ந்த பதினெட்டு வயசுப் பிள்ளையும் அப்படியே நம்பிடுது. போடாமலே நிக்குது. இருபது வருஷம் கழிச்சு அதுக்கும் அது சத்தியமாயிடும்.

சிலர் கழிவுப் பஞ்சை உருட்டி வச்சுக்கிறாங்க. வெறும் பஞ்சு சத்தத்தைப் பெரிசா தடுக்காது. இன்னொண்ணு, காதை அடைச்சா நம்ம குரல் நமக்கே பெரிசாக் கேக்கும், தன்னால மெதுவாப் பேசிடுவோம். ரெண்டு பேரும் போட்டிருந்தா வேணும்னே உரக்கப் பேசணும். இதை எந்த மேஸ்திரி சொல்லிக் கொடுத்தாரு?

சத்தத்தால் வரும் காது கேளாமை முன்னாடி இருந்த 1948-ம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே ஏறியிருந்த நோய். அப்படியிருக்க, அடைப்பானைக் கையில கொடுத்து ரிஜிஸ்டர்ல கையெழுத்து வாங்குறதோட கடமை முடிஞ்சுதுன்னா எப்படி?

என் கருத்து இதுதான். முதல்ல மிஷின் சத்தத்தைக் குறைக்க வழி பாருங்க. வேலைக்குச் சேர்ற அன்னிக்கே காதைச் சோதிச்சு, அடைப்பானை உருட்டி, காதை மேல இழுத்து, சரியா வைக்கக் கத்துக்கொடுங்க. வருஷா வருஷம் சோதியுங்க. தேஞ்ச காதுக்காரங்களைத் திட்டாதீங்க. அவங்களுக்கு எல்லா ஒலியையும் ஒரே அளவா குறைக்கிற அடைப்பான் கொடுங்க, விளக்கு சிக்னல் வைங்க, முடிஞ்சா சத்தம் குறைஞ்ச பகுதிக்கு மாத்துங்க.

புதுசாச் சேர்ற பிள்ளைங்களுக்கு ஒண்ணே ஒண்ணு: காது நல்லா இருக்கும்போது போட்டாத்தான் பேச்சு கேக்கும். காது போன பிறகு போட்டா, அண்ணாச்சி சொன்னதுதான் நடக்கும்.

டிஸ்கி: எந்த ஒரு மில்லையும் மனசுல வச்சு எழுதலை. ரிங் ஃபிரேம் ஓடுற எல்லா இடத்துக்கும் பொதுவா எழுதினது.