முற்றத்திலே ஒரு விடுமுறை

சித்திரை வெயில் உச்சத்தை எட்டிவிட்டது. இம்மாத நடுப்பகுதியில் நண்பகற் சூரியன் யாழ்ப்பாணத்தாரின் தலைக்கு நேர்மேலே நிற்பான். முற்றத்தில் நட்ட தடிக்கும் அப்போது நிழல் இராது. சோளகக் காற்று எழுவதற்கோ இன்னும் நாள் இருக்கின்றது. இவ்வெக்கையை வீட்டிலேயே இனிதாகக் கழிக்கச் செலவு குறைந்த மூன்று வழிகளை இவ்வாரம் சொல்ல எண்ணுகின்றோம். அதற்கு முன் எமது குற்றமொன்றை ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

சென்ற ஆண்டு விடுமுறை முடிந்தபின், 9ஆம் வகுப்பு மாணாக்கரிடம் விடுமுறையைப் பற்றிக் கட்டுரை கேட்டோம். ஒரு பையன் மூன்றே வரி எழுதியிருந்தான். காலையிற் கணிதம், பிற்பகலில் விஞ்ஞானம், மாலையில் தமிழ். அந்த மாலைத் தமிழ், நாம் நடத்திய பிரத்தியேக வகுப்பேயாம்! "போதாது" என்று எழுதச் சிவப்புப் பேனையை எடுத்த கை தயங்கிற்று. எதனைப் போதாதென்பது? கட்டுரையையா, விடுமுறையையா?

ஆதலின் இவ்வாண்டு பெற்றாருக்கு நாம் விதந்துரைப்பவை இவை.

முதலாவது, மண்பானைத் தண்ணீர். புதுப்பானையை ஒருநாள் நீரில் ஊறவிட்டுக் கழுவி, நிழலும் காற்றும் உள்ள இடத்தில் மணல் பரப்பி அதன்மேல் வையுங்கள். பானையின் நுண்டுளைகளாற் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தையும் கவர்ந்து செல்கின்றது. இதனைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். காற்றில் ஒரு பானை, பூட்டிய அறையில் ஒரு பானை வைத்து, எது முந்திக் குளிருமென்று அவர்களே பந்தயம் கட்டட்டும். காரணம் கேட்டுத் தாமே வருவார்கள்.

இரண்டாவது, நுங்கு. தோலுரித்துக் கிண்ணத்திலிட்டுக் கரண்டியால் உண்பதை நாம் சொல்லவில்லை. குரும்பையைப் பெரியவர் ஒருவர் சீவிக் கொடுக்க, பெருவிரலாற் கண்ணைக் குத்தி, நீர் முழங்கைவரை வழிய உறிஞ்சுவதையே சொல்கின்றோம். சட்டையிற் கறைபடும் என்று தாய்மார் கோபிக்கலாகாது. உண்டபின் இரண்டு கோம்பைகளை ஒரு தடியிற் கோத்தாற் சின்னவனுக்கு வண்டில். மிகுதி ஆட்டுக்கும் மாட்டுக்கும்.

மூன்றாவது, இரவு வானம். இம்மாத முடிவில், நிலாவில்லாத ஓரிரவு பத்து மணியளவில் விளக்குகளை அணைத்து முற்றத்திற் பாய் விரியுங்கள். வடக்கே சப்தரிஷி மண்டலம் உயர்ந்து நிற்கும். அதன் முன்செல்லும் இரு மீன்களை இணைக்கும் கோட்டைக் கீழ்நோக்கி ஐந்து மடங்கு நீட்டினால், துருவ நட்சத்திரம் அகப்படும். அது அடிவானத்துக்கு மேல் ஏறக்குறைய 10 பாகையில் இருக்கும். நீட்டிய கையின் முட்டி அளவு உயரமே. வேலி மறைத்தால் ஒழுங்கைக்கு இறங்கிப் பாருங்கள். பின்னர் தெற்கே திரும்பினால், பனைகளுக்கு மேலே தென்சிலுவை நான்கு மீன்களாய்ச் சற்றுச் சாய்ந்து நிற்கும். இலண்டனிலுள்ள மாமனுக்கு இச்சிலுவை தெரியாது. மெல்பேணிலுள்ள சித்திக்கு அத்துருவ மீன் தெரியாது. இரண்டையும் ஒரே முற்றத்திலிருந்து காணும் பேறு இங்குள்ள பிள்ளைக்கு உண்டு. அதனை அவன் அறியாமலே வளர்ந்து, பின்னர் தானும் ஒரு நாட்டுக்குப் போய்விடுதல் எவ்வளவு பெரிய இழப்பு!

எமது மாலை வகுப்பை இவ்விடுமுறையில் இரண்டு வாரம் நிறுத்தியுள்ளோம். செய்தி பரவிய அன்றே ஒரு தந்தையார் படலையடிக்கு வந்தார். "சேர், மற்றப் பிள்ளைகள் முந்திவிடுவார்களே!" என்றார். அவர் கவலை பொய்யன்று. பரீட்சையால் உயர்ந்த குடும்பங்களுள் எமதும் ஒன்று. அதனை இகழ எமக்கு உரிமையில்லை. இரண்டு வாரத்தில் அவர் மகன் எதனையும் இழக்கமாட்டான் என்று உறுதி கூறவும் எம்மால் இயலவில்லை. "ஓரிரவு மட்டும் மகனோடு முற்றத்திற் படுத்துப் பாருங்கள், பிறகு வந்து பேசுங்கள்" என்றோம். அவர் மறுமொழி கூறாமற் சென்றார்.

அவர் மகன்தான் அந்த மூன்று வரி எழுதியவன். விடுமுறை முடிந்ததும் அதே தலைப்பை மீண்டும் கொடுக்க இருக்கின்றோம்.