தோலுக்குத் தரகர் சரி, பில்லுக்குமா?

ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்கு மென்பொருள் விற்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே பாட்டுதான்: "நடுவுல மிடில்வேர் போடுங்க சார்!" எதற்காம்? சின்ன கம்பெனியில் இருப்பதே டேலி, ஸ்டாக் மென்பொருள், இ-இன்வாய்ஸ் தளம் என மூன்று. ஒன்றோடொன்று நேராகக் கோர்த்தாலும் 3 இணைப்பு. மிடில்வேர் வைத்தாலும் அதே 3, கூடவே மாதக் கட்டணம்! பத்து மென்பொருள் என்றால் நேரடியாக 45, மிடில்வேரில் 10. அப்போது தாராளமாக வாங்கட்டும்.

2023 ஆகஸ்ட் 1 முதல் விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டினாலே இ-இன்வாய்ஸ் கட்டாயம். ஏற்றுமதி பில்லுக்கும்தான். ஐஆர்என் இல்லாத பில் செல்லாது. மிடில்வேர் படுத்துவிட்டால் லாரி கேட்டிலேயே நிற்கும், அபராதம் தரகருக்கா? முதலாளிக்குத்தான்! அரசுத் தளத்துக்கு ஜிஎஸ்பி வழியாகத்தான் போக வேண்டுமென்றால் போகட்டும், அந்த ஒரு கதவுக்கு மட்டும். மொத்த வீட்டுச் சாவியையும் ஏன் கொடுக்க வேண்டும்?