வராத எர்த் முனையம்

ஆசிரியர் உரை

மின் இணைப்புகளில் ஆர்.சி.டி. (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) கட்டாயம் என்று தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் விதித்தொகுப்பைத் திருத்தியிருக்கிறது. இன்னொரு பக்கம் மத்திய மின்சார ஆணையம் 2010-ஆம் ஆண்டின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளை விலக்கி, 2023-இல் புதிய தொகுப்பைக் கொண்டுவந்துவிட்டது. இவற்றை ஒட்டிப் பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் வட்டாரத்து ஒப்பந்ததாரர்களும் வயர்மேன்களும் நம்மிடம் கேட்பவை இரண்டே கேள்விகள். ஆர்.சி.டி. போட்ட பிறகு எர்த் குழிக்கு இவ்வளவு செலவு செய்ய வேண்டுமா? செய்வதென்றால் காப்பர் பாண்டட் ராடா, ஜி.ஐ. பைப்-இன்-பைப்பா, பழைய கரி-உப்புக் குழியே போதுமா? இந்த இதழ் ஒரு நிலை எடுத்தே ஆக வேண்டும் என்கிறார்கள். எடுக்கிறோம்.

முதல் கேள்விக்கு நீட்டி முழக்க வேண்டியதில்லை. ஆர்.சி.டி. விழ வேண்டுமென்றால் கசியும் மின்சாரம் போக ஒரு வழி வேண்டும். எர்த் கம்பி அந்த வழியாக இல்லாத வீட்டில், வாஷிங் மெஷினைத் தொடுகிறவரின் உடம்புதான் வழி. அப்போதும் ஆர்.சி.டி. விழும், பெரும்பாலும் ஆளும் பிழைப்பார். ஆனால் ஷாக் அடித்த பிறகு வேலை செய்கிற ஒன்றை முழுப் பாதுகாப்பு என்று வீட்டுக்காரரிடம் சொல்லி விற்கக் கூடாது. எர்த் இருந்தால் இன்சுலேஷன் போன அந்த நொடியிலேயே, யாரும் தொடும் முன்பே அது விழுந்துவிடும். தொட்டால் ஆபத்தில்லாத வரம்பு என்று கொள்ளும் 50 வோல்ட்டை, ஆர்.சி.டி. விழும் 30 மில்லி ஆம்பியரால் வகுத்து, 1,600 ஓம் எர்த்கூடப் போதுமே என்று வாதாடுகிறவர்கள் உண்டு. கணக்கு சரிதான். ஆனால் ஆர்.சி.டி.யும் உள்ளே நகரும் பாகங்கள் உள்ள ஒரு கருவி. தூசியும் ஈரமும் ஏறிய பெட்டிக்குள் டெஸ்ட் பட்டனையே அழுத்தாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்த பிறகு அது ஒட்டிக்கொண்டுவிட்டால், அன்றைக்கு 1,600 ஓம் எர்த்தால் யாருக்கும் பயனில்லை.

இரண்டாவது கேள்வி நம் தொழிலின் பெருமையோடு கலந்தது. பாரிவாக்கம் சிக்னலைத் தாண்டி ஆவடி சாலையில் போனால் இரு பக்கமும் மனை மனையாக வீடுகள் எழும்புகின்றன. அங்கிருந்து வரும் வேலைப் படங்களைப் பார்க்கிறோம். பளபளவென்று செம்பு ராடு, அளவெடுத்து வளைத்த ஜி.ஐ. பட்டை, கிளாம்பில் வாஷர் வைத்து இறுக்கிய போல்ட், சுற்றிலும் கொட்டிய பேக்ஃபில் பவுடர், மேலே சேம்பர், சிமென்ட் பூசிய விளிம்பு. கைவேலை சுத்தமானது. அந்தச் சுத்தம் லேசில் வருவதல்ல என்பது குழி தோண்டியவர்களுக்குத் தெரியும். குறை ஒன்றுதான்: அநேகமாக எந்தப் படத்திலும் எர்த்தின் மின்தடையை அளக்கும் மெகர் இல்லை, அது காட்டிய எண் இல்லை.

எர்த்திங்குக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 3043-இல் உள்ள ராடு சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள். மண் 20 ஓம்-மீட்டர், ராடு 3 மீட்டர், விட்டம் 17.2 மி.மீ. என்றால் ஏறக்குறைய 7 ஓம் வருகிறது. அதே நீளத்துக்கு 50 மி.மீ. பைப் போட்டால் 5.8. விட்டம் மூன்று மடங்கு ஆகியும் குறைந்தது ஓர் ஓம் சொச்சம்தான். அந்த 17.2 மி.மீ. ராடையே 6 மீட்டருக்கு இறக்கினால் 3.8 ஓம். சூத்திரத்தில் நீளம் இருக்கிறது, விட்டம் இருக்கிறது, மண் இருக்கிறது. செம்பா இரும்பா என்ற கேள்விக்கு அதில் இடமே இல்லை. செம்புப் பூச்சு தருவது ஆயுளை. அதுவும் 250 மைக்ரான் இருந்தால்தான். 50, 100 மைக்ரான் பூசிய ராடும் அதே நிறத்தில்தான் மின்னும். மண்ணில் இறக்கும்போது கல்லில் உரசி எங்கே பூச்சு போனதோ அங்கே துரு வேலையை ஆரம்பிக்கும். ஆகவே பொருள் பற்றி நம் நிலை இது: நல்ல பூச்சுள்ள ராடு நல்லது, ஹாட் டிப் செய்த கனமான ஜி.ஐ. பைப்பும் நல்லது. எதைப் போட்டாலும் எண்ணைக் காட்டுங்கள்.

கரி-உப்புக் குழியைக் கேலி செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. உப்பு ஜி.ஐ.யை அரிக்கும், மழையில் கரைந்து போகும், தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும் என்பதெல்லாம் உண்மை. புதிதாகப் போடும் இடத்தில் உப்பைத் தவிர்ப்பதே சரி. ஆனால் ஏரிப் பாசனக் களிமண்ணில் ஆழமாக இறங்கிய சாதாரண பைப் தரும் எண்ணை, சவுடு மேட்டில் நிற்கிற விலையுயர்ந்த கெமிக்கல் எலெக்ட்ரோடு தராது. இந்தச் சவுடுதான் நம் வட்டாரத்தின் தனிப் பிரச்சினை. முன்பு நெல் விளைந்த தாழ்வான நிலம் மனையாகிறது. 2015 வெள்ளத்தைப் பார்த்த பயத்தில் சாலை மட்டத்துக்கு மேலேயே தளம் வர வேண்டும் என்று நான்கு அடி, ஐந்து அடி சவுடு கொட்டுகிறார்கள். அதற்கும் கீழே இடித்த கட்டடத்துச் செங்கல்லும் காரையும் கிடக்கும். அதில் 2 மீட்டர் எலெக்ட்ரோடு இறக்கினால் முக்கால் பங்கு நிரப்பு மண்ணுக்குள்தான் நிற்கும். கார்த்திகை மழையில் அளந்தால் அழகான எண் வரும். சித்திரையில் அளந்தால் அதே குழி வேறு எண் சொல்லும். மின் வழங்குநர் தன் எர்த்துகளை வறண்ட காலத்தில், வறண்ட நாளில், இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையாவது அளக்க வேண்டும் என்று விதி சொல்வதன் காரணம் இதுதான். மனை வேலையை எடுக்கும்போதே நிரப்பு எத்தனை அடி என்று மேஸ்திரியிடம் கேளுங்கள். அதைக் கழித்துவிட்டு எலெக்ட்ரோடின் நீளத்தைப் பேசுங்கள்.

அளக்கிறோம் என்று சொல்பவர்களிலும் பலர் செய்வது பல்ப் சோதனை. பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் பல்பைப் போட்டு, நன்றாக எரிகிறது, எர்த் நன்றாக இருக்கிறது என்று முடித்துவிடுகிறார்கள். அந்த பல்பின் மின்தடை சுமார் 529 ஓம். எர்த் 50 ஓம் இருந்தாலும் பல்புக்கு 210 வோல்ட் கிடைக்கும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. இப்போது குண்டு பல்ப் கிடைப்பதில்லை என்று எல்.இ.டி.யை வைத்துப் பார்க்கிறார்களாம். 9 வாட் எல்.இ.டி. படுமோசமான எர்த்திலும் எரியும். கிளாம்ப் மீட்டர் வாங்கியவர்களும் கவனிக்க வேண்டும்: தனியாக நிற்கும் ஒற்றைக் குழியில் அதற்குச் சுற்று இல்லை, அது காட்டும் எண்ணுக்குப் பொருளும் இல்லை. மூன்று முனை மெகரும் இரண்டு ஸ்பைக்கும்தான் வழி. அரை கிரவுண்டு மனையில் ஸ்பைக் அடிக்க இடமில்லை என்றால் தெருவோர மண்ணில் அடியுங்கள்.

இவ்வளவும் சரியாகச் செய்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். வீட்டு எர்த் 7 ஓம், டிரான்ஸ்ஃபார்மர் நியூட்ரல் எர்த் 3 ஓம். கிரைண்டரின் உடலில் பேஸ் பட்டுவிட்டது, ஆர்.சி.டி. வேலை செய்யவில்லை. ஓடும் மின்சாரம் 23 ஆம்பியர். 16 ஆம்பியர் சி-கர்வ் எம்.சி.பி. உடனே விழ 80 முதல் 160 ஆம்பியர் வரை வேண்டும். 23-இல் அது விழ ஒரு மணி நேரம் ஆகலாம், விழாமலே போகலாம். அதுவரை கிரைண்டரின் உடல் 161 வோல்ட்டில் நிற்கும். சரி, எவ்வளவு செலவானாலும் ஆகட்டும் என்று வீட்டு எர்த்தை 1 ஓமுக்குக் கொண்டுவந்தாலும் 57 ஆம்பியர்தான். அப்போதும் எம்.சி.பி. உடனே விழாது. எந்த நிறுவனத்தின் எலெக்ட்ரோடாலும் இந்தக் கணக்கை மாற்ற முடியாது. ஏனென்றால் மின்சாரம் டிரான்ஸ்ஃபார்மருக்குத் திரும்பிப் போவது மண் வழியாக. உலோக வழி ஒன்று இருந்து, முழுச் சுற்றும் 0.8 ஓம் என்றால் 287 ஆம்பியர் பாயும், எம்.சி.பி. கண் இமைக்கும் முன் விழும்.

அந்த உலோக வழியைத் தர வேண்டியவர் யார்? பல இதழ்களாக இந்தப் பக்கத்தில் நான் விடாமல் எழுதி வருவது இதைத்தான். இந்திய மின்சார விதிகள், 1956. அதில் விதி 33. 2010 ஒழுங்குமுறைகளில் அதுவே 16. 2023 தொகுப்பிலும் அது தொடர்கிறது. மின் வழங்குநர், நுகர்வோரின் இடத்தில், மின்சாரம் தொடங்கும் இடத்திலோ அதன் அருகிலோ, எளிதில் அணுகும்படி, தகுந்த எர்த் முனையம் ஒன்றை அமைத்துப் பராமரிக்க வேண்டும். அதைச் சேதமில்லாமல் காப்பது நுகர்வோர் பொறுப்பு. அமைக்கும் செலவை நுகர்வோரிடம் வாங்கிக்கொள்ளவும் இடமிருக்கிறது. 250 வோல்ட்டுக்கு மேற்பட்ட இணைப்பு என்றால் நுகர்வோர் தன் எலெக்ட்ரோடையும் போட வேண்டும், வழங்குநர் தந்ததற்குக் கூடுதலாக. கூடுதலாகத்தான், அதற்குப் பதிலாக அல்ல.

கம்பத்திலிருந்து நம் தெருக்களில் வீட்டுக்கு இறங்குவது என்ன? பேஸ், நியூட்ரல், தாங்குவதற்கு ஒரு பேரர் கம்பி. மீட்டர் போர்டில் எர்த் முனையம் என்று வழங்குநர் விட்டுப்போன போல்ட் ஒன்றை உங்களில் எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? பேரர் கம்பியையே எர்த் என்று நினைத்து முறுக்கிவிட்டிருப்பதைத்தான் பார்த்திருப்பீர்கள். நாட்டின் விதிப்புத்தகத்தில் ஏறக்குறைய எழுபது ஆண்டுகளாக எழுதியிருக்கும் ஒரு கடமை இது. 1956-இலிருந்து புத்தகம் மாறியது, எண் மாறியது, வழங்குநரின் பெயர்ப்பலகையும் வாரியம், கழகம் என்று மாறிக்கொண்டே வந்தது. முனையம் மட்டும் வரவில்லை.

நுகர்வோர் தலையில் விழும் விதி எவ்வளவு வேகமாக நடைமுறைக்கு வருகிறது என்று பாருங்கள். ஆர்.சி.டி. நுகர்வோர் செலவு. குழி நுகர்வோர் செலவு. வயரிங்கை உரிமம் உள்ளவர்தான் செய்ய வேண்டும், அறிக்கையில் அவர்தான் கையெழுத்திட வேண்டும். இவை எல்லாம் நியாயமே, ஒன்றையும் நாம் எதிர்க்கவில்லை. ஆனால் இந்த விதிகளை எழுதிய அதே கை, வழங்குநர் மீதும் ஒன்றை எழுதியிருக்கிறது. அதைக் கேட்க எந்த அலுவலகமும் முன்வரவில்லை. ஒழுங்குமுறை செய்ய அமர்ந்தவர்கள் 30 மில்லி ஆம்பியரா 100 மில்லி ஆம்பியரா என்று நுணுக்கம் பார்க்கிறார்கள். வாசலில் இருக்க வேண்டிய ஒரு போல்ட் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. வழங்குநர் எடுத்த எர்த் அளவுகளின் பதிவேடு இருக்க வேண்டும், இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்றும் விதி உண்டு. நம் தெரு டிரான்ஸ்ஃபார்மரின் நியூட்ரல் எர்த் எத்தனை ஓம் என்று ஒரு வயர்மேன் போய்க் கேட்டால் அவருக்கு என்ன பதில் கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும். மேலே போட்ட கணக்கில் 3 ஓம் என்று நான் எடுத்துக்கொண்டதுகூட அதனால்தான். நல்லதாகவே நினைத்துப் போட்ட எண் அது. அது 10 ஆக இருந்தால் கணக்கு இன்னும் மோசம்.

ஒருவர் ஷாக்கில் இறந்துவிட்டால் அடுத்த நாள் என்ன நடக்கிறது? வயரிங் சரியில்லை, எர்த் இல்லை என்று எழுதப்படுகிறது. கையெழுத்துப் போட்ட வயர்மேன் வீட்டுக்கு ஆள் வருகிறது. அவர் தவறு செய்திருந்தால் பதில் சொல்லட்டும். ஆனால் வழங்குநரின் எர்த் முனையம் அந்த வீட்டில் இருந்ததா என்ற வரியும் அதே அறிக்கையில் இருக்க வேண்டாமா? இரண்டு பேர் செய்ய வேண்டிய வேலையில் ஒருவர் செய்யாததற்கு மற்றவரே முழுக்கப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த மற்றவர் நம் வாசகர். அதனால்தான் இந்தக் கோபம்.

முடியாத காரியத்தைக் கேட்கவில்லை. மேல்நிலைக் கம்பிகளை எடுத்துவிட்டுப் புதைவடம் போடும் இடங்களில் பில்லர் பெட்டியிலிருந்து வீடு வரை வருவது ஆர்மர் கேபிள். பெட்டியில் எர்த் பஸ்ஸை ஒழுங்காக வைத்து, ஆர்மரை இரு முனையிலும் கிளாண்டு போட்டு இறுக்கி, மீட்டர் பக்கம் ஒரு முனையம் விட்டால், பாதி வேலை முடிந்தது. சாலையைத் தோண்டி மூடிய பிறகு இதைச் செய்வது எவ்வளவு கடினம் என்று அவர்களுக்கும் தெரியும். மேல்நிலைக் கம்பி இருக்கும் இடங்களில் சர்வீஸ் ஒயரோடு இன்னொரு கம்பி இறங்க வேண்டும். அதற்குக் கம்ப எர்த்துகளும் நியூட்ரலும் முதலில் சீராக வேண்டும். செலவு உண்டு, காலம் பிடிக்கும். ஆனால் எந்த ஆண்டுக்குள், எந்தப் பகுதியில் முதலில் என்று ஓர் அட்டவணையையாவது ஒழுங்குமுறை ஆணையம் கேட்டு வாங்க வேண்டும்.

நம் பங்குக்கு இரண்டு முடிவுகள். அடுத்த இதழ் முதல் வேலைப் படங்களை, மெகர் எண், அளந்த தேதி, எலெக்ட்ரோடின் நீளம், நிரப்பு மண்ணின் ஆழம் ஆகிய நான்கும் இருந்தால் மட்டுமே வெளியிடுவோம். எண் மோசமாக இருந்தாலும் வெளியிடுவோம்; சரிசெய்த பிறகு மறுபடி அளந்து அனுப்புங்கள். இரண்டாவது, புதிய இணைப்பு விண்ணப்பம் ஒவ்வொன்றோடும் ஒரு தாளைக் கூடுதலாக இணையுங்கள்: ஒழுங்குமுறைப்படி எர்த் முனையம் அமைத்துத் தர வேண்டும், அதற்கான கட்டணம் எவ்வளவு என்று தெரிவிக்க வேண்டும். வீட்டுக்காரர் கையெழுத்துடன் இரண்டு பிரதி, ஒன்றில் ஒப்புகை முத்திரை. பதில் வந்தால், அது மறுப்பாக இருந்தாலும், நகலை நமக்கு அனுப்புங்கள். பெயரையும் இணைப்பு எண்ணையும் மறைத்து, அலுவலகம் சொன்ன காரணத்தை அப்படியே அச்சிடுவோம்.

– ஆசிரியர், பாரிவாக்கம்