நாள் கணக்கும் பால் கணக்கும்

மணவிலக்கு சரியா, தவறா என்று பட்டிமன்றம் வைத்துப் பேசலாம். அந்த வழக்கை நான் இங்கே எடுக்கவில்லை. பிரிவது என்று இருவர் முடிவு செய்துவிட்டபின், இடையில் நிற்கும் பிள்ளையின் சோற்றுக்கும் பள்ளிக்கும் யார் எவ்வளவு தருவது என்பதே என் கேள்வி.

என் பெரியம்மா மகளுக்கு ஒன்பது வயதில் ஒரு பையன். குடும்ப நீதிமன்ற உத்தரவின்படி அவன் தாயிடம் இருக்க வேண்டும். சனி, ஞாயிறு தகப்பனாரிடம். அவர் மாதம் ஆறாயிரம் ரூபாய் தர வேண்டும். இரண்டு ஆண்டுகள் ஒழுங்காக நடந்தது. பிறகு அவர் பள்ளிக்கு அருகே வீடு மாற்றிக்கொண்டார். பையன் வாரத்தில் மூன்று, நான்கு நாட்கள் அங்கேயே தங்கலானான். அக்கா தடுக்கவில்லை. பிள்ளைக்குத் தகப்பனும் வேண்டுமே! அடுத்த மாதம் மூவாயிரம்தான் வந்தது. "பாதி நாள் என்னிடம் இருக்கிறான், பாதிப் பணம்தானே?" என்றார் அவர்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் அக்காவின் வீட்டு வாடகை பாதியாயிற்றா? அவள் கட்டும் பள்ளிக் கட்டணம் குறைந்ததா? சோறும் பாலும் வேண்டுமானால் நாளுக்கேற்பக் குறையும். பிள்ளை இல்லாத மூன்று நாளைக்கு அவன் படுக்கும் அறையை வாடகைக்கு விட முடியாது. அதே சமயம் தகப்பனார் வீட்டிலும் இன்று ஒரு கட்டில், ஒரு மேசை, இன்னொரு தொகுதி சீருடை வந்துவிட்டன. அவருக்கும் செலவு கூடியிருக்கிறது. அதை மறைப்பது நேர்மையன்று. ஒரு பிள்ளையை இரு வீட்டில் வளர்ப்பது ஒரு வீட்டில் வளர்ப்பதைவிடச் செலவு மிகுந்த காரியம் என்பதை இருவருமே மறந்துவிடுகிறார்கள்.

இங்கிலாந்தில் இதற்கு ஒரு வாய்பாடே உண்டு. பணம் தர வேண்டியவரிடம் பிள்ளை ஆண்டில் 52 இரவுகள் தங்கினால் தொகையில் ஏழில் ஒரு பங்கு கழியும். 104 ஆனால் ஏழில் இரண்டு, 156 ஆனால் ஏழில் மூன்று, 175 ஆனால் பாதி. தெளிவான கணக்குத்தான். ஆயினும் 51ஆவது இரவுக்கும் 52ஆவது இரவுக்கும் நடுவே பணம் வந்து உட்கார்ந்துகொள்கிறதே! ஓர் இரவு கூடுதலாகக் கேட்பவர் பிள்ளைமேல் உள்ள ஆசையால் கேட்கிறாரா, பணத்தை எண்ணிக் கேட்கிறாரா என்ற ஐயம் எழாமல் இருக்குமா?

நம் நாட்டில் அப்படி வாய்பாடு கிடையாது. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, பிள்ளையின் பொறுப்பு, பராமரிப்பு, கல்வி பற்றிய உத்தரவுகளை அவ்வப்போது மாற்றும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்குத் தருகிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவின்படி (2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 144ஆம் பிரிவு) பெற்ற உத்தரவையும் நிலைமை மாறினால் மாற்றக் கேட்கலாம். 2020இல் ரஜ்னேஷ் எதிர் நேகா வழக்கில், இரு தரப்பாரும் தத்தம் வருமானம், சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. என் எண்ணமும் அதுவே: நாட்களை மட்டும் எண்ணாமல், எந்தச் செலவு நாளோடு குறையும், எது குறையாது என்று பிரித்து, இருவர் வருமானத்துக்கும் ஏற்பப் பங்கிட வேண்டும்.

ஆனால் உத்தரவு மாறும்வரை பழைய தொகையே கடன். தானாகப் பாதியாக்கிக்கொள்ள எவருக்கும் உரிமையில்லை. "போகட்டும், பிறகு கேட்டுக்கொள்ளலாம்" என்று பெண்கள் இருந்துவிடுவது அதைவிடத் தீங்கு. 144ஆம் பிரிவு உத்தரவின் நிலுவையைப் பிடியாணை மூலம் வசூலிக்க, பணம் சேர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். அக்கா ஒன்பது மாதம் பேசாமலே இருந்தாள்.

அவளை வாய் திறக்க வைத்தவன் பையன்தான். ஒரு நாள் சாப்பிடும்போது, "நான் இங்கேயே எல்லா நாளும் இருந்தால் உனக்கு முழுப் பணமும் வருமா அம்மா?" என்று கேட்டானாம். மறுநாளே வழக்கறிஞரிடம் போனாள். நிலுவைக்கு ஒரு மனு. தங்கும் நாட்களையும் செலவையும் புதிதாக எழுதிக்கொள்ள இன்னொன்று. அடுத்த வாய்தாவுக்கு, வாடகைச் சீட்டையும் பள்ளி ரசீதுகளையும் எடுத்துக்கொண்டு நானும் உடன் போகிறேன்.