"திக்கா ஊத்திருங்கண்ணே" - ஒரு கண்டனம்

முதல்லயே சொல்லிடறேன். நான் படிக்கிறது பி.காம். "டேய், டெபிட் கிரெடிட் பாக்குறவனுக்கு எஞ்சின்ல என்னடா வேலை?" என்று மெக்கானிக்கல் பசங்க கேட்கலாம். தாராளமாகக் கேளுங்கள். ஆனால் எஞ்சின் ஆயில் என்பது பைக் வைத்திருக்கும் எல்லோரும் வருஷத்துக்கு இரண்டு மூன்று முறையாவது காசு கொடுத்து வாங்கும் பொருள். விற்கிறவருக்கு அதைப் பற்றித் தெரியும், வாங்குகிறவனுக்கு ஒன்றுமே தெரியாது. இப்படி ஒரு சந்தை இருந்தால் அது எங்க பாடம்தான் சாமி!

எந்தக் காலேஜ் ஸ்டாண்டுக்கு வேண்டுமானாலும் போய் நில்லுங்கள். எந்த மாடல் எத்தனை பிஎச்பி, டாப் ஸ்பீடு என்ன, எந்த வண்டியின் சத்தம் எப்படி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான் நம்ம ஆள். "உன் வண்டிக்கு என்ன ஆயில்டா?" என்று கேளுங்கள். "அண்ணன் பாத்துப்பாரு" என்பான். அண்ணன் என்றால் மெக்கானிக். அண்ணனே "என்ன ஆயில் தம்பி?" என்று கேட்டால் என்ன பதில் தெரியுமா? "நல்லா திக்கா இருக்கறதா ஊத்திருங்கண்ணே." இந்த ஒரு வாக்கியத்துக்கு எதிராகத்தான் இவ்வளவு நீளப் பதிவு.

ஆயில் டப்பாவின் முன்பக்கம் சிங்கம், புலி, ரேஸ் பைக் எல்லாம் இருக்கும். அதை விடுங்கள். பின்பக்கம் பொடி எழுத்தில் மூன்று விஷயம் இருக்கும். அது மட்டும்தான் நமக்கு வேண்டும்.

முதலாவது, 10டபிள்யூ-30, 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 மாதிரி ஒரு எண். இது எஸ்ஏஇ அளவு. டபிள்யூ என்றால் வெயிட் இல்லை, விண்டர். முன்னால் இருக்கும் எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதற்கு, பின்னால் இருக்கும் எண் 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் அதன் கெட்டித்தன்மைக்கு. 100 டிகிரியில் 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் வரை. 40 என்றால் 12.5 முதல் 16.3. 50 என்றால் 16.3 முதல் 21.9. அதாவது 30 கேட்கும் வண்டிக்கு 50 ஊற்றினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு கெட்டி. கஞ்சி குடிக்கிற உறிஞ்சுகுழலில் களியை உறிஞ்சச் சொல்வது மாதிரி :-)

"கெட்டியா இருந்தா எஞ்சினுக்கு நல்லதுதானே?" இல்லை மச்சான். எஞ்சினுக்குள் இருக்கும் இடைவெளி, ஆயில் பம்ப்பின் அளவு எல்லாம் ஒரு குறிப்பிட்ட கெட்டித்தன்மையை மனதில் வைத்துச் செய்தவை. காலையில் முதல் ஸ்டார்ட்டின்போது மேலே கேம் ஷாஃப்ட் வரைக்கும் ஆயில் ஏற வேண்டும். கெட்டி ஆயில் தாமதமாக ஏறும். அந்த நேரத்தில் இரும்பும் இரும்பும் உரசும். போதாததற்கு, அந்தக் கெட்டி ஆயிலைக் கலக்குவதற்கே கொஞ்சம் பெட்ரோல் செலவாகும். அப்புறம் "மைலேஜ் குறையுதுடா" என்று புலம்பல் வேறு. ரொம்ப ஓடித் தேய்ந்து, ஆயில் குடிக்கும் பழைய வண்டிக்கு ஒரு படி கெட்டியாக ஊற்றுவது வேறு கதை. அதையும் மேனுவலில் இருக்கும் அட்டவணைக்குள்ளேயே செய்யலாம்.

இரண்டாவது, ஏபிஐ தரம். எஸ்எல் 2001-ல் வந்தது, எஸ்எம் 2004, எஸ்என் 2010, எஸ்பி 2020. எழுத்து பின்னால் போகப் போகப் புதுசு. இதைக் கொஞ்சம் படித்தவர்கள் விழும் குழி ஒன்று இங்கே இருக்கிறது. "எஸ்பி தரம், கார் ஆயில், விலையும் ஜாஸ்தி, அப்ப நம்ம வண்டிக்கு ராஜ வைத்தியம்" என்று நினைப்பார்கள். அங்கேதான் மூன்றாவது விஷயம் வருகிறது.

அது ஜாஸோ. சாதாரண காரில் கிளட்ச் எஞ்சின் ஆயிலுக்கு வெளியே தனியாக இருக்கும். நம்ம பைக்குகள் பெரும்பாலானவற்றில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில் குளிக்கின்றன. பெட்ரோல் மிச்சமாக வேண்டும் என்று கார் ஆயிலில் வழுக்கலைக் கூட்டும் ரசாயனங்களைச் சேர்க்க ஆரம்பித்தபோது, அதே ஆயிலை ஊற்றிய பைக்குகளின் கிளட்ச் தட்டுகளும் வழுக்க ஆரம்பித்தன. அதனால்தான் 1990-களின் கடைசியில் ஜப்பானில் பைக் ஆயிலுக்கென்றே தனித் தரம் கொண்டுவந்தார்கள். எம்ஏ என்றால் கிளட்ச் நனையும் வண்டிகளுக்கு. எம்ஏ1, எம்ஏ2 என்பவை அதன் உட்பிரிவுகள். எம்பி என்றால் வழுக்கல் அதிகம், பெரும்பாலும் ஸ்கூட்டர்களுக்கு. உங்கள் மேனுவலில் எந்த எழுத்து போட்டிருக்கிறதோ அதுவே உங்களுக்கு. அவ்வளவுதான் சயின்ஸ். நம்ம காஸ்ட் அக்கவுண்டிங்கை விட ஈஸி.

இது வெறும் எழுத்து சமாச்சாரம் இல்லை என்பதற்கு ஒரு கதை. என் வகுப்பு நண்பன் ஒருவன் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் சாப்பாடு டெலிவரிக்குப் போகிறவன். பரீட்சைக் கட்டணம் அதிலிருந்துதான். ஒரு ஒர்க்‌ஷாப்பில் "இது ஹை-கிளாஸ் ஆயில் தம்பி" என்று கார் ஆயிலை ஊற்றிவிட்டார்கள். ஒரு வாரத்தில் ஆக்சிலேட்டர் முறுக்கினால் எஞ்சின் கத்துகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. திரும்பப் போனால் "கிளட்ச் பிளேட் போச்சு, செட்டா மாத்தணும்" என்று பதில். காசு இல்லாததால் பிளேட் மாற்றாமல், வேறு இடத்தில் எம்ஏ2 ஆயிலை ஊற்றினான். கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு அதையும் வடித்து இன்னொரு முறை ஊற்றியதும் வழுக்கல் நின்றுவிட்டது. நடுவில் டெலிவரிக்குப் போகாத நாட்களின் கூலியை யார் தருவார்கள்? பில்லும் கிடையாது. (பில் தராமல் இருப்பதே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பிசினஸ் லா பேப்பரில் மார்க் வாங்க மட்டும் படித்தால் எப்படி?)

இப்போது சில பொன்மொழிகளைப் போட்டு உடைப்போம்.

"ஆயில் கறுத்துப் போச்சு, மாத்திடு." கறுப்பது கெட்டுப்போனதற்கு அடையாளம் இல்லை. கரியைப் பிடித்து வைத்துக்கொள்ளத்தான் ஆயிலில் டிடர்ஜென்ட் சேர்க்கிறார்கள். கறுத்தால் அது வேலை செய்கிறது என்று அர்த்தம். துணி துவைத்த தண்ணீர் அழுக்காக இருந்தால் சோப்பையா திட்டுவீர்கள்?

"விரல்ல தொட்டுப் பாத்தாலே தெரியும்." 30 டிகிரி விரல் சூட்டில் தேய்த்துப் பார்த்து, 100 டிகிரியில் அது எப்படி இருக்கும் என்று சொல்ல முடிந்தால் அண்ணனுக்குக் கோயிலே கட்டலாம்.

"ஃபுல் சிந்தெடிக் போட்டா எல்லாம் சரியாயிடும்." நல்ல பொருள்தான், சூட்டை அதிகம் தாங்கும். ஆனால் 100 சிசி வண்டிக்கு மேனுவல் மினரல் ஆயிலே போதும் என்று சொல்லும்போது, அதைவிட மூன்று மடங்கு விலை கொடுத்துவிட்டு அதே கிலோமீட்டரில் வடித்துக் கொட்டினால் லாபம் யாருக்கு?

சரி, எப்போது மாற்றுவது? இங்கேதான் என் கணக்குப்பிள்ளை மூளை வேலை செய்கிறது. வருஷம் 12,000 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள். மேனுவல் 6000 கிலோமீட்டருக்கு ஒருமுறை என்கிறது. அண்ணன் 2000-க்கு ஒருமுறை என்கிறார். இரண்டு முறைக்குப் பதில் ஆறு முறை. லிட்டர் 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு லிட்டர் பிடிக்கும் வண்டிக்கு வருஷம் 1600 ரூபாய் தண்டம், கூலி தனி.

அதற்காக மறந்துவிடவும் கூடாது. தினம் 100 கிலோமீட்டர் டெலிவரி ஓட்டுகிறவனுக்கு 6000 கிலோமீட்டர் இரண்டே மாதத்தில் வந்துவிடும். அதோடு சின்ன எஞ்சினில் மொத்தமே ஒரு லிட்டர்தான். அதில் 300 மில்லி குறைந்தால் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போச்சு. வாரம் ஒருமுறை டிப் ஸ்டிக்கைத் தூக்கிப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகுமா? வண்டியை நேராக நிறுத்துங்கள். ஸ்டிக்கைத் திருகிப் பார்ப்பதா, திருகாமல் பார்ப்பதா என்பது வண்டிக்கு வண்டி மாறும், அதையும் மேனுவல் சொல்லும்.

கிலோமீட்டரும் முழு உண்மை இல்லை. சுற்றுலா இடங்களில் மணலில் ஓட்டவிடும் நாலு சக்கர ஏடிவி வண்டிகளைப் பாருங்கள். நாள் முழுக்க முதல் கியரில், புழுதியில் உறுமிக்கொண்டு இருக்கும். மீட்டரில் பார்த்தால் கொஞ்ச தூரம்தான். அதனால்தான் ஏடிவி சர்வீஸ் அட்டவணைகளில் கிலோமீட்டரோடு எஞ்சின் ஓடிய மணிக்கணக்கும் இருக்கும். மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி தினமும் ஊர்ந்து போகிற நம்ம பைக்கும் கிட்டத்தட்ட அதே கேஸ்தான். டிராஃபிக், புழுதி, அடிக்கடி குட்டிக் குட்டிப் பயணம் என்றால் சீக்கிரம் மாற்றுவது நியாயம். "கடுமையான பயன்பாடு" என்று மேனுவல்களே இதைச் சொல்கின்றன.

இப்போது முக்கியமான இடம். இதையெல்லாம் படித்துவிட்டு மெக்கானிக் அண்ணன்மாரைத் திட்டக் கிளம்பிவிடாதீர்கள். என் கோபம் அவர்கள் மேல் இல்லை, நம்ம மேல்தான். 1970-ல் ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளாதார நிபுணர் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 2001-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சாரம் இதுதான்: நல்ல பொருள் எது, மட்டமான பொருள் எது என்று வாங்குகிறவனுக்குத் தெரியாவிட்டால், நல்ல பொருள் விற்பவனுக்கு அதற்கான விலை கிடைக்காது. அவன் சந்தையை விட்டே போய்விடுவான். மட்டம்தான் மிஞ்சும்.

நம்ம தெருவுக்குப் பொருத்திப் பாருங்கள். ஒரு அண்ணன் மேனுவலைப் பார்த்து, சரியான ஆயிலை வாங்கி வைத்து, சூடான எஞ்சினில் முழுசாக வடித்து, வாஷர் மாற்றி, போல்ட்டை அளவாக முடுக்குகிறார். இன்னொருவர் டிரம்மில் இருப்பதை ஊற்றி அனுப்புகிறார், ஐம்பது ரூபாய் குறைவு. நமக்கு இரண்டும் ஒன்று. ஐம்பது ரூபாய் குறைவான இடத்துக்குப் போகிறோம். முதல் அண்ணன் எத்தனை நாள் தாங்குவார்? அவரைத் தோற்கடித்தது யார்? டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்காத நாம்தான்.

ஆகவே செய்ய வேண்டியது:

1. மேனுவலில் ஆயில் பக்கத்தை போட்டோ எடுத்து போனில் வையுங்கள். மேனுவல் தொலைந்திருந்தால் கம்பெனி இணையதளத்தில் பாருங்கள்.

2. சீல் உடைக்காத டப்பாவை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். பில் கேளுங்கள்.

3. வடிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். டிரெயின் போல்ட்டை வெறிகொண்டு முடுக்கினால் தடுங்கள். அலுமினியத்தில் மரை போனால் செலவு உங்களுக்கு.

4. அளவு தாண்டி ஊற்ற விடாதீர்கள். அதிகமானால் நுரைத்து, ஏர் ஃபில்டர் வரைக்கும் போகும்.

5. காலி டப்பாவை ஓட்டை போட்டுத் தூக்கிப் போடுங்கள். இல்லாவிட்டால் அதே டப்பா போலி ஆயிலோடு திரும்பி வரலாம்.

வீட்டிலேயே மாற்றும் சூரர்களுக்கு ஒரு வார்த்தை. வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். கரையானுக்கு மரத்தில் பூசவும் வேண்டாம். ஒரு தடவை மாற்றும்போது வரும் கழிவு ஆயில் பத்து லட்சம் கேலன் நல்ல தண்ணீரைக் கெடுக்கக்கூடும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. நம்ம நாட்டில் அது சட்டப்படியே அபாயக் கழிவு. அதை மறுசுழற்சி செய்யும் பொறுப்பை ஆயில் தயாரிப்பாளர்கள் தலையிலும் 2024 ஏப்ரல் 1 முதல் சுமத்தியிருக்கிறார்கள். பழைய ஆயில் சேர்த்து விற்கும் ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய்க் கொடுங்கள். அதே வைகைத் தண்ணீரைத்தான் நாமும் குடிக்கிறோம்.

லட்சம் ரூபாய் லோன் போட்டு அப்பா வாங்கிக் கொடுத்த வண்டி. இஎம்ஐ முடியும் வரைக்குமாவது எஞ்சின் ஓட வேண்டாமா? அடுத்த முறை "என்ன ஆயில் தம்பி?" என்று அண்ணன் கேட்டால் எண்ணையும் எழுத்தையும் சொல்லுங்கள். நல்ல அண்ணனாக இருந்தால் சந்தோஷப்படுவார். முறைத்தால் கடையை மாற்றுங்கள், எஞ்சினை அல்ல.

டிஸ்கி: நான் எந்த ஆயில் கம்பெனிக்கும் ஏஜென்ட் இல்லை. அதனால்தான் இத்தனை நீளப் பதிவில் ஒரு பிராண்ட் பெயர்கூட வரவில்லை :-)