கடை டெலிபோன் யார் கையில்?

மொத்த வியாபாரத்தில் முதல் என்றால் பணம் மட்டும் இல்லை. கடையின் டெலிபோன் நம்பரும் முதல்தான். பில் புத்தகத்தில், சாக்கில், வருஷா வருஷம் கொடுக்கும் காலண்டரில், லாரி ஆபீஸ் நோட்டில் என்று முப்பது நாற்பது வருஷமாக அச்சாகி வந்த அந்த நம்பரை நம்பித்தான் வெளியூர்ச் சில்லறைக் கடைக்காரர் நம்மிடம் சரக்குக் கேட்கிறார். அந்த முதல் இப்போது மெல்ல மெல்ல நம் கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது.

மதுரை கீழமாசி வீதியிலோ விருதுநகர் பஜாரிலோ எந்த மண்டிக்குள்ளும் போய்ப் பாருங்கள். மேஜை மேல் உள்ள போன் தூசி படிந்து கிடக்கும். ஆர்டர் எல்லாம் விற்பனைத் தம்பியின் சட்டைப் பையில் உள்ள செல்போனுக்கு வரும். அந்தத் தம்பி நாளைக்கு அடுத்த தெருக் கடையில் ஆயிரம் ரூபாய் அதிகச் சம்பளத்துக்குச் சேர்ந்தால், போனும் கூடவே போகும். போனுக்குள் இருக்கும் நூறு கடைக்காரர்களும் போவார்கள். அவர் சொந்தக் காசில் வாங்கிய போன். அதில் உள்ள நம்பரை அழித்துவிட்டுப் போ என்று யார் சொல்ல முடியும்?

டெலிபோன் இணைப்பு எவர் கையில் இருக்கிறதோ அவர் பக்கம் வியாபாரம் சாயும் என்பது நூறு வருஷத்துக்கு மேலான பழைய கதை. அமெரிக்காவில் கான்சாஸ் சிட்டியில் ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்று ஒருவர். சவ அடக்கத்துக்கு வேண்டிய ஏற்பாடுகளைச் செய்து கொடுப்பது அவர் தொழில். அந்த ஊர் எக்ஸ்சேஞ்சில் இருந்த ஆபரேட்டர் அம்மாள், போட்டித் தொழில்காரரின் மனைவி என்றும், இவருக்கு வரும் அழைப்பையெல்லாம் தன் வீட்டுக்காரருக்கே திருப்பி விட்டார் என்றும் சொல்வார்கள். மனுஷர் கை படாமல் தானே இணைப்புக் கொடுக்கும் எக்ஸ்சேஞ்சை ஸ்ட்ரோஜர் கண்டுபிடித்து 1891-ல் காப்புரிமை வாங்கினார். 1892-ல் இண்டியானா மாநிலத்து லா போர்ட் என்ற ஊரில் அது வேலைக்கு வந்தது. நம் நாட்டு எக்ஸ்சேஞ்சுகளிலும் அவர் பெயரில் அமைந்த இயந்திரங்கள் பல காலம் ஓடின.

ஸ்ட்ரோஜருக்கு வந்த தொல்லைதான் இன்று நமக்கும். மருந்து மட்டும் இப்போது மலிவாகக் கிடைக்கிறது.

லினக்ஸ் என்ற பெயரைப் பிள்ளைகள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டார்வால்ட்ஸ் 1991-ல் தொடங்கி வைத்த, எவரும் காசு கொடுக்காமல் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய கம்ப்யூட்டர் இயக்க முறை அது. அந்த லினக்ஸ் மேல் ஓடும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சு ஒன்றை 1999-ல் மார்க் ஸ்பென்சர் என்ற அமெரிக்க இளைஞர் எழுதினார். சிறு தொழில் நடத்தி வந்த அவருக்குத் தன் ஆபீசுக்கு ஒரு எக்ஸ்சேஞ்சுப் பெட்டி தேவைப்பட்டது. விலை கட்டுப்படியாகவில்லை. ஆகவே தாமே ஒன்றைச் செய்துகொண்டார். அதன் பெயர் ஆஸ்டரிஸ்க். நம் டெலிபோனில் பூஜ்யத்துக்கு இடப்பக்கம் உள்ள நட்சத்திரப் பொத்தானின் பெயர்தான். அதையும் இலவசமாகவே விட்டார். திரையில் பார்த்துப் பார்த்து அமைப்பதற்கு ஃப்ரீபிபிஎக்ஸ் என்று ஒன்று அதோடு சேர்ந்துகொண்டது.

சென்ற மழைக்காலத்தில் எங்கள் மண்டியின் இன்டர்காம் பெட்டியில் இடி இறங்கி அட்டை கருகியது. அந்த மாடலுக்கு உதிரி பாகம் வருவது நின்று பல வருஷமாகிவிட்டது என்றார்கள். புதுப் பெட்டி வாங்காமல் இந்த வழியைப் பிடித்தோம். கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றே போதுமானதாக இருந்தது. அதில் டெபியன் என்ற லினக்ஸை ஏற்றி, மேலே ஃப்ரீபிபிஎக்ஸை ஏற்றினார்கள். பழைய செப்புக் கம்பி லைனை இதனோடு சேர்க்க ஒரு சிறு கேட்வே பெட்டி வேண்டும். கம்பியே வேண்டாம் என்போர் லைசென்ஸ் பெற்ற டெலிபோன் கம்பெனியிடம் சிப் டிரங்க் என்ற இணைப்பை வாங்கலாம்; ஒரே நம்பரில் ஒரே நேரத்தில் பத்துப் பேர் கூப்பிட்டாலும் மணி அடிக்கும். ஒரு பேச்சுக்குப் போக வர ஏறக்குறைய நூறு கிலோபிட் இருந்தால் போதும். இன்றைய ஃபைபர் லைனுக்கு இது பாரமே இல்லை.

இப்போது கடை நம்பருக்கு அழைப்பு வந்தால் மண்டி, கிட்டங்கி, கணக்கு மூன்று இடத்திலும் சேர்ந்து மணி அடிக்கிறது. எவர் முதலில் எடுக்கிறாரோ அவர் பேசுகிறார். தம்பிகளின் செல்போனிலும் கடை எக்ஸ்டென்ஷனே ஏறியிருக்கிறது. அவர்கள் திருமங்கலத்தில் நின்று கூப்பிட்டாலும் எதிரே தெரிவது கடை நம்பர். வேலையை விட்டுப் போனால் எக்ஸ்டென்ஷனை மூடிவிட்டு அடுத்தவருக்குக் கொடுத்துவிடலாம்.

'விலைக்கு ஒன்றை அழுத்தவும், லாரி விவரத்துக்கு இரண்டை அழுத்தவும்' என்ற குரலையும் வைத்துத் தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று விட்டோம். "அண்ணாச்சி, துவரம்பருப்பு இன்னைக்கு என்ன விலை?" என்று கேட்கிறவருக்கு மனுஷக் குரல்தான் வேண்டும். பொத்தானை அழுத்தச் சொன்னால் அவர் அடுத்த கடையை அழுத்துவார்.

எங்களுக்கு அதிகம் பயன்பட்டது எடுக்காமல் விட்ட அழைப்புகளின் பட்டியல். எந்த நம்பர், எத்தனை மணி, எத்தனை தடவை அடித்தது என்று எல்லாம் அதில் பதிவாகிறது. மறுநாள் காலையில் கணக்குப்பிள்ளை அந்தப் பட்டியலை எடுத்து ஒவ்வொருவராகத் திருப்பிக் கூப்பிடுகிறார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் இத்தனை பேர் கூப்பிடுகிறார்கள் என்று பழைய பெட்டி எங்களிடம் சொன்னதே இல்லை. பேச்சைப் பதிவு செய்யவும் வசதி உண்டு. எழுபது மூட்டையா எண்பது மூட்டையா என்ற வழக்கு வரும்போது அது உதவும். பதிவு செய்கிறோம் என்பதை மட்டும் கூப்பிடுகிறவருக்குச் சொல்லிவிட வேண்டும். பழகிய கடைக்காரருக்குத் தெரியாமல் அவர் பேச்சைப் பிடித்து வைப்பது முறையல்ல.

தானமாய் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இந்த மாட்டைக் கட்டாயம் பார்க்க வேண்டும். சாப்ட்வேருக்குத்தான் விலை இல்லை; பராமரிப்புக்கு உண்டு. கவனக்குறைவுக்கோ அதைவிடப் பெரிய விலை உண்டு.

நமக்குத் தெரிந்த ஒரு ஜவுளிக்காரர் கடையில் 101 என்ற எக்ஸ்டென்ஷனுக்குப் பாஸ்வேர்டும் 101 என்றே வைத்திருந்தார்கள். இப்படிப்பட்ட சர்வர் எங்கே கிடைக்கும் என்று இணையத்தில் இரவு பகலாகத் தேடிக்கொண்டிருக்கும் கூட்டம் உண்டு. பூட்டிய கடையிலிருந்து ராத்திரி முழுக்க வெளிநாட்டுக்கு அழைப்புப் போயிற்று. பில் வந்த பிறகுதான் முதலாளிக்கு விஷயம் தெரிந்தது. வெளிநாட்டு வியாபாரம் இல்லாதவர்கள் ஐ.எஸ்.டி.யை டெலிபோன் கம்பெனியிலேயே எழுதிக் கொடுத்து அடைத்துவிட வேண்டும். நீண்ட பாஸ்வேர்டு, திரும்பத் திரும்பத் தவறாக அடிப்பவரை வெளியே தள்ளும் காவல் இரண்டும் இருக்க வேண்டும். வெளியூரிலிருந்து தம்பிகள் இணைய வி.பி.என். வழியை மட்டும் விட வேண்டும். நிர்வாகப் பக்கத்தை இணையத்துக்குத் திறந்து வைக்கவே கூடாது. 2025 ஆகஸ்டில் அப்படித் திறந்து கிடந்த ஃப்ரீபிபிஎக்ஸ் சர்வர்களுக்குள் திருடர்கள் புகுந்ததாக அதை நடத்தும் கம்பெனியே எச்சரிக்கை விட்டது. பழைய பதிப்பை ஏற்றித் தருகிறவர்களும் இருக்கிறார்கள். அதற்கு அடியில் இருக்கும் சென்ட்ஓஎஸ் 7-க்கு 2024 ஜூனோடு ஆதரவு முடிந்துவிட்டது. டெபியன் 12-ன் மேல் ஓடும் பதினேழாம் பதிப்போ அதற்குப் பிந்தியதோதான் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

ஏற்றிக் கொடுக்கும் ஆளிடமே மூலப் பாஸ்வேர்டு தங்கிவிடுவதும் பெரிய ஆபத்து. எங்களுக்கு வேலை செய்தவரும், "அது என்னிடமே இருக்கட்டும், உங்களுக்கு எதற்கு அந்தத் தொந்தரவு?" என்றார். பீரோ செய்த ஆசாரி சாவியையும் தானே வைத்துக்கொள்கிறேன் என்றால் ஒப்புக்கொள்வோமா? எழுதி வாங்கி, உறையில் போட்டு, இரும்புப் பெட்டியில் வைத்திருக்கிறோம். அமைப்பின் நகலையும் வேறொரு கம்ப்யூட்டரில் வாரம் ஒரு தடவை எடுத்து வைக்கிறோம்.

பழைய கம்பி லைன், கரண்ட் போனாலும் பேசும். சர்வர் பேசாது. சர்வர், ரௌட்டர், ஃபைபர் பெட்டி மூன்றுக்கும் சேர்த்து யு.பி.எஸ். வைத்தால்தான் மின்தடையில் கடை ஊமையாகாமல் இருக்கும். லேண்ட்லைனைச் சரண்டர் செய்கிறவர்கள், அதே நம்பர் புது இணைப்பில் கிடைக்குமா என்று எழுத்து மூலம் உறுதி வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

இன்னொன்று. கிட்டங்கியில் ஒரு மூலை கொடுங்கள், சிம் கார்டுப் பெட்டி வைத்துக்கொள்கிறோம், மாத வாடகை தருகிறோம் என்று எவராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். வெளிநாட்டு அழைப்பை உள்ளூர் அழைப்பாக மாற்றும் அந்தச் சட்டவிரோத எக்ஸ்சேஞ்சுகளைப் போலீசார் பல ஊர்களில் பிடித்திருக்கிறார்கள். இடம் கொடுத்தவரும் விசாரணைக்கு அலைய வேண்டியிருக்கும்.

ஒரு லைனும் ஒரு ஆளும் உள்ள கடைக்கு இவ்வளவு ஏற்பாடும் தேவையில்லை. நான்கைந்து பேர் ஆர்டர் எடுக்கும் மொத்தக் கடைக்குத் தேவை. ஆனால் ஒவ்வொரு கடையும் தனித்தனியாக ஆள் தேடினால் கூலியும் கூடும், சாவியும் கண்டவர் கைக்குப் போகும். தராசு முத்திரைக்கும் வரிக் கணக்குக்கும் சங்கம் ஆள் ஏற்பாடு செய்து தருவது போல, லினக்ஸ் படித்த நம் பிள்ளைகளில் ஒருவரைச் சங்கமே சம்பளத்துக்கு வைத்து, வேண்டிய கடைகளுக்கெல்லாம் மாதம் ஒரு முறை போய்ப் பார்த்து வரச் செய்யலாம். இதை அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் எடுத்துக்கொள்ளும்படி செயலாளரிடம் கடிதம் கொடுத்திருக்கிறோம். விருப்பமுள்ள அன்பர்கள் கூட்டத்துக்கு முன்பே சங்க அலுவலகத்தில் பெயர் கொடுத்து வைத்தால், எத்தனை கடைகள் என்று கணக்கிட்டுச் சம்பளத்தைப் பேச வசதியாக இருக்கும்.